நாப்பத்தி மூணாவது கைப்பிடி

போர்வைய நல்லா கால் வரைக்கும் இழுத்துக்கோ மக்ளே. காத்து சிலுசிலுன்னு வருது. நாளைக்குப் புது வருசம், விடியக்காலையில கோயிலுக்குப் போணும்லா. அத்தை ஒரு கதை சொல்லுதேன், கேட்டுக்கிட்டே தூங்கிரணும். சரியா?

"ம்."

காத்தடிச்சா செம்மண்ணு பறக்குற ஒரு ஊர்ல, வாயத் தொறந்தா அடுத்த ஊருக்குக் கேக்குற ஒருத்தி இருந்தா. ஊரு பேரு மணக்காட்டுவிளை. அவ பேரு ஞானத்தங்கம். எல்லாரும் தங்கம், தங்கம்னு கூப்பிடுவாவ. நல்லவ தான். யாருக்காவது காய்ச்சல்னா கஞ்சித் தூக்கோட மொத ஆளா போயி நிப்பா. ஆனா ஒருத்தர் மேல கோவம் வந்துட்டுன்னா போச்சு. டப்புனு கதவ அடைக்குற மாதிரி மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குவா. அப்புறம் அது லேசுல இந்தப் பக்கம் வராது.

அந்த ஊரு சின்ன ஊரு. மொத்தமே நாப்பத்தி மூணு வீடு. நடுவுல ஓடு போட்ட ஒரு கோயிலு. பாதிரியார் மாசத்துக்கு ஒரு தடவ தான் வருவாவ. மத்த நாளெல்லாம் உபதேசியார் வேதமாணிக்கம் தான் எல்லாத்துக்கும். செபம் நடத்துறதும் அவிய தான், மணி அடிக்குறதும் அவிய தான், கோயிலுக்குள்ள கோழி வந்துட்டுன்னா வெரட்டுறதும் அவிய தான்.

புது வருசத்தன்னைக்கு அந்தக் கோயில்ல அசனம் நடக்கும். அசனம்னா ஒனக்குத் தெரியும்லா, ஊரு பூரா ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது. ஆனா அந்த ஊரு அசனத்துல ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒரு பஞ்சம் வந்துச்சாம். யாரு வீட்டுலயும் ஒலை வைக்க அரிசி இல்ல. ஆனா எல்லாரு வீட்டுலயும் பானை அடியில ஒரு கைப்பிடி இருந்துச்சாம். ஒரு கைப்பிடிய வச்சி என்ன செய்ய? அப்போ ஒருத்தரு வீடு வீடாப் போயி அத்தனை கைப்பிடியையும் வாங்கி, ஒரே பானையில போட்டு, புது வருசத்தன்னைக்கு ஊருக்கே கஞ்சி காய்ச்சுனாராம். அதுல இருந்து வருசா வருசம் அப்பிடித்தான். இப்போ மூட்டை மூட்டையா அரிசி இருந்தாலும், மொதல்ல பானையில விழுறது வீட்டுக்கு ஒரு கைப்பிடி. அது குடுக்குறவங்க கையில இருந்து வாங்குறவ கைக்கு வரணும். வாசல்ல வச்சிட்டுப் போறது, அடுத்த வீட்டுல குடுத்து விடுறது, அதெல்லாம் ஆகாது. ஒரு வீட்டுக் கைப்பிடி கொறஞ்சாலும் பானை அடுப்புல ஏறாது.

"ஏறாதா?"

ஏறவே ஏறாது. யாரு போயி வாங்கணும்னு சீட்டுக் குலுக்கிப் போடுவாவ. அந்த வருசம் கிறிஸ்மஸ் முடிஞ்ச ஞாயித்துக்கெழம, உபதேசியார் தகர டப்பாவக் குலுக்குனாவ. கலகல, கலகலன்னு. ஒரு சீட்ட எடுத்தாவ. பிரிச்சாவ. மூக்குக் கண்ணாடியத் தூக்கிப் பாத்தாவ. அப்புறம் மெதுவா வாசிச்சாவ.

"ஞானத்தங்கம்."

கோயில்ல எல்லாரு தலையும் தங்கம் பக்கம் திரும்பிட்டு. மேல ஓடுற காத்தாடி மட்டும் கீச்சு, கீச்சுன்னு சுத்துது.

தங்கம் எந்திரிச்சி நின்னா. "ஐயா, வேற சீட்டு எடுங்க."

"எடுத்தது எடுத்தது தான் தங்கம்."

"எனக்கு முழங்கால் வலி ஐயா."

"நேத்து சந்தைக்கு நடந்தே போயிட்டு நடந்தே வந்தியம்மா."

எல்லாரும் சிரிச்சுட்டாவ. தங்கம் மூஞ்சி செவந்துட்டு. அவ வலி முழங்கால்ல இல்ல மக்ளே. அந்த ஊர்ல மூணு வீடு இருந்துச்சு, அந்த மூணு வீட்டு வாசலயும் அவ மிதிக்குறதே இல்ல. அவ வீட்டோட சேத்து நாப்பது வீட்டுக்கு சந்தோசமாப் போவா. அந்த மூணு வீட்டுக்கு எப்பிடிப் போவா?

வீட்டுக்கு வந்து புருசன்கிட்ட பொலம்புனா. புருசன் பேரு பொன்னுத்துரை. அதிகம் பேசாத மனுசன். அவரு கயித்துக் கட்டில்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டு, "போயி வாசல்ல நில்லு தங்கம். நின்னா போதும். மிச்சத்தப் பொறவு பாக்கலாம்"னு சொன்னாரு.

அப்போ வருசத்தோட கடைசி நாளு வந்துச்சு. தங்கம் காலையிலயே குளிச்சி, வெள்ளச் சேல உடுத்தி, ஓலைப்பெட்டிய எடுத்துக்கிட்டா. மொதல்ல தன் வீட்டுக் கைப்பிடியப் போட்டா. சொர்ர்ன்னு விழுந்துச்சு. அப்புறம் கெளம்புனா. "அசனத்துக்கு உங்க வீட்டுக் கைப்பிடி தாங்க"ன்னு ஒவ்வொரு வாசல்லயும் கேட்டா. சொர்ர், சொர்ர்ன்னு விழுது அரிசி. மத்தியானத்துக்குள்ள நாப்பது ஆயிட்டு. இன்னும் மூணு.

"அந்த மூணு வீடா?"

அந்த மூணு வீடே தான்.

மொத வீடு பக்கத்து வீட்டு செல்லப்பூ. செல்லப்பூ மேல என்ன கோவம்னா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தங்கம் கிறிஸ்மஸுக்குன்னு ஒரு கத்திரிப்பூக் கலர் சேல எடுத்து, தண்ணியில நனைச்சி, கொடியில காயப் போட்டிருந்தா. செல்லப்பூ வீட்டு ஆடு ராசாத்தி வேலியத் தாண்டி வந்து, மொசுக்கு மொசுக்குனு தின்னுட்டு. முந்தி பூரா போயிட்டு. கரை மட்டும் தான் மிச்சம். அதுல இருந்து பேச்சு இல்ல.

தங்கம் வாசல்ல போயி நின்னா. ஆனா வாய் வரல. எப்பிடிக் கூப்பிட? செல்லப்பூன்னு கூப்பிட்டு ரெண்டு வருசம் ஆச்சே. அப்பிடியே நிக்கா. அப்போ பின்னால இருந்து மொறுக்குனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, ராசாத்தி! ஓலைப்பெட்டி ஓரத்தக் கவ்விக்கிட்டு இழுக்கு!

"ஏய், ச்சூ! ச்சூ! விடு சனியனே!" தங்கம் இந்தப் பக்கம் இழுக்கா, ஆடு அந்தப் பக்கம் இழுக்கு. "ஏ செல்லப்பூ! ஓடியா! ஊரு அரிசி போவுது!"

செல்லப்பூ மாவுக் கையோட ஓடி வந்தா. ஆட்டுக் கழுத்தப் புடிச்சா, ஆடு சுத்துது, அவளும் சுத்துதா, தங்கமும் சுத்துதா. கடைசியில டபக்குனு ஆடு பெட்டிய விட்டுச்சு, ரெண்டு பொம்பளையும் புழுதியில உக்காந்துட்டாவ. ஒருத்திய ஒருத்தி பாத்தாவ. தங்கம் மூஞ்சி பூரா செம்மண்ணு, செல்லப்பூ மூஞ்சி பூரா மாவு. யாரு மொதல்ல சிரிச்சான்னு தெரியல. வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாவ.

அப்புறம் செல்லப்பூ சொன்னா, "ஏக்கா, அன்னைக்கே ஒனக்கு ஒரு சேல எடுத்துட்டு வந்தேன். நீ என்னப் பாத்ததும் 'ஆட்டுக்காரி வாரா'ன்னு சொல்லிக் கதவ அடச்சுட்ட. ரெண்டு வருசமா எங்க பெட்டியில தான் கெடக்கு."

உள்ள போயி எடுத்துட்டு வந்தா. மடிப்புக் கலையாத சேல. பாச்சா உருண்டை வாசம் கப்புனு அடிக்கு. தங்கம் அத வாங்கி நெஞ்சோட அணைச்சிக்கிட்டா. அப்புறம் செல்லப்பூ கையக் கழுவிட்டு வந்து ஒரு கைப்பிடி அரிசி குடுத்தா. சொர்ர். நாப்பத்தி ஒண்ணு.

"ம்."

ரெண்டாவது வீடு எசேக்கியேல் வாத்தியார் வீடு. அவிய தான் கோயில்ல ஆர்மோனியம் வாசிக்குறது, பாட்டு சொல்லிக் குடுக்குறது. நாலு வருசத்துக்கு முன்னாடி, பாட்டுப் பழகும்போது, எல்லாரு முன்னாடியும், "தங்கம், கொஞ்சம் மெதுவாப் பாடு. ஒஞ் சத்தத்த மீறி ஒண்ணுமே கேக்கல"ன்னு சொல்லிட்டாவ. அன்னைக்கு மூடுன வாயி தான். நாலு வருசமா எல்லாரும் பாடும்போது தங்கம் மட்டும் உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு நிப்பா.

வாத்தியார் வீட்டு வாசல்ல போயி நின்னா. உள்ள வாத்தியார் ஆர்மோனியத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ. புஸ்ஸு, புஸ்ஸுன்னு துருத்தி ஊதுது. தங்கத்தப் பாத்தாவ. ஒரு கீர்த்தனைக்கு மொத வரிய மட்டும் வாசிச்சாவ. நிப்பாட்டுனாவ. தங்கம் நிக்கா. மறுபடியும் அதே மொத வரிய வாசிச்சாவ. நிப்பாட்டுனாவ. வெயிலு சுள்ளுனு அடிக்கு. தங்கம் நிக்கா. மூணாவது தடவையும் வாசிச்சிட்டு, கையத் தூக்கிட்டு, அவ மூஞ்சியவே பாக்காவ.

அப்போ தான் தங்கத்துக்கு வெளங்குச்சு. ரெண்டாவது வரிக்காகக் காத்திருக்காவ!

வாயத் தொறந்தா. நாலு வருசம் பாடாத தொண்டையில்லா? கர்ர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சு. வாசல்ல நின்ன காக்கா பயந்து பறந்துட்டு. ஆனாலும் விடல. கனைச்சிக்கிட்டு, ரெண்டாவது வரியப் பாடி முடிச்சா.

வாத்தியார் சொன்னாவ, "சத்தம் கொறையவே இல்ல."

"கொறைக்கணுமா வாத்தியாரே?" தங்கத்துக்கு மறுபடியும் கோவம் ஏறுது.

"ஊரு முன்னாடி சொன்னது எந் தப்பு. தனியாக் கூப்பிட்டு சொல்லியிருக்கணும். நாலு வருசமா அத நெனச்சி நெனச்சி வருத்தப்படுதேன். ஆனா, சொன்ன விசயம் சரி தான் தங்கம். நீ கொஞ்சம் மெதுவாத் தான் பாடணும்."

தங்கம் மொறச்சுப் பாத்தா. வாத்தியாரும் மொறச்சுப் பாத்தாவ. அப்புறம் தங்கத்துக்கே சிரிப்பு வந்துட்டு. "சரி வாத்தியாரே. மெதுவாவே பாடுதேன். ஆனா பாடுவேன்."

"பாடு, பாடு. நீ இல்லாம பொம்பளையள் பக்கம் பாட்டே எந்திரிக்க மாட்டங்கு"ன்னு சொல்லிட்டு, அவிய கையாலயே அரிசி அள்ளிக் குடுத்தாவ. சொர்ர். நாப்பத்தி ரெண்டு.

தூங்கிட்டியா மக்ளே?

"இல்ல... மூணாவது வீடு."

மூணாவது வீடு. அதுக்குப் போகும்போது தான் தங்கத்துக்குக் கால் நடக்கவே மாட்டங்கு. ஒரு எட்டு வைக்கா, நிக்கா. ஒரு எட்டு வைக்கா, நிக்கா. ஏன்னா அது யாரு வீடு தெரியுமா? அவ கூடப் பொறந்த அக்கா வீடு. அவ பேரு அருமைக்கனி. கல்யாணம் கட்டிக்கல. ஊருக் கடைசியில, பனங்காட்ட ஒட்டி, அவிய அம்மா இருந்த வீட்டுலயே தனியா இருந்தா.

ஏழு வருசத்துக்கு முன்னாடி பொன்னுத்துரைக்கு வயித்துல ஆபரேசன். தங்கம் அவர மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி, ஒரு மாசம் ஆஸ்பத்திரியிலயே கெடந்தா. அந்த மாசத்துல தங்கத்தோட அம்மா செத்துப் போயிட்டா. அருமைக்கனி தங்கச்சிக்குத் தகவலே சொல்லல. போன் பக்கத்து வீட்டுலயே இருந்துச்சு. பண்ணல. ஊருக்காரங்க "தங்கத்துக்குச் சொல்லியாச்சா"ன்னு கேட்டதுக்கு, "சொல்லியாச்சு, அவளால வர முடியாதாம்"னு பொய் சொல்லிட்டா. ஒரு மாசம் கழிச்சி தங்கம் ஊருக்கு வந்தா. அம்மா இல்ல. கல்லறைத் தோட்டத்துல ஒரு மண்ணு மேடு, அதுமேல காஞ்ச பூவு. ஊரே அவள ஒரு மாதிரி பாக்குது, பெத்தவ சாவுக்கு வராதவன்னு. எனக்குத் தகவலே வரலன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. "ஒரு பிடி மண்ணு கூடப் போட விடலியே"ன்னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுதா. அன்னைக்குத் திருப்புன மூஞ்சி.

"பாவம்."

ம், பாவம் தான்.

தங்கம் போயி கதவத் தட்டுனா. டொக், டொக். சத்தம் இல்ல. ரெண்டாவது தடவ தட்டுனா. டொக், டொக். கதவு கொஞ்சமாத் தொறந்துச்சு, ஒரு கண்ணு பாத்துச்சு, டப்புனு மூடிக்கிட்டு. மூணாவது தடவ தட்டல. பெட்டியத் தரையில வச்சிட்டு, வாசப்படியிலயே உக்காந்துட்டா. வெயிலு எறங்குது. பனங்காட்டுல ஓலை சலசலன்னு ஆடுது.

ரொம்ப நேரம் கழிச்சி, மூடுன கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து அருமைக்கனி பேசுனா.

"தங்கம், நீ வந்தா என்ன சொல்லணும்னு ஏழு வருசமா யோசிச்சிக்கிட்டு இருக்கேன். காரணம் ஏதாவது இருந்தா சொல்லலாம். நல்ல காரணம் ஒண்ணும் இல்லட்டி. அம்மா பதினோரு மாசம் படுக்கையில கெடந்தா. குளிப்பாட்டுனது நான். பொரட்டிப் போட்டது நான். துணி அலசுனது நான். ராத்திரி எத்தனை தடவ எந்திரிச்சிருப்பேன், கணக்கே இல்ல. ஆனா அவ கண்ணத் தொறந்தா 'தங்கம் வந்துட்டாளா'ன்னு தான் கேப்பா. நீ ஞாயித்துக்கெழம கோயில் விட்டு ஒரு மணி நேரம் வந்து உக்காந்து சிரிச்சிப் பேசிட்டுப் போவ. அவ மூஞ்சி பூ மாதிரி விரிஞ்சுரும். நீ போனப் பொறவு எங்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துருவா. அவ செத்த அன்னைக்கு, போன் பண்ணணும்னு தான் எந்திரிச்சேன். அப்போ மனசு சொல்லிச்சு, இன்னைக்கு ஒரு நாளாவது இவ எனக்கு மட்டும் அம்மாவா இருக்கட்டும்னு. அதான் சொல்லல. அப்புறம் பொய்யும் சொன்னேன்."

கதவு கொஞ்சமாத் தொறந்துச்சு. ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு. கை நெறைய அரிசி.

"இந்தா. எங் கையால வாங்கிக்கிடுவியா?"

தங்கத்துக்கு உள்ள தீப்புடிச்ச மாதிரி இருந்துச்சு. கத்தணும்னு வாயத் தொறந்தா. ஊருக்கே கேக்குற அந்தச் சத்தம் அன்னைக்கு வரல. ஒரு சொட்டுச் சத்தம் தான் வந்துச்சு. "வேண்டாம். எனக்கு ஒன் அரிசி வேண்டாம்"னு சொல்லிட்டு, பெட்டிய எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டா. அக்கா கை தளந்து, அதுல இருந்த அரிசி பூரா வாசல்ல சிந்திட்டு.

"ஐயோ. அப்போ பானை?"

அதான பாரு. கோயிலுக்கு வந்து பெட்டிய உபதேசியார் முன்னாடி வச்சா. "நாப்பத்தி ரெண்டு தான் ஐயா."

"அருமைக்கனி குடுக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. "குடுத்தா ஐயா. நான் தான் வாங்கல."

உபதேசியார் ஏசல மக்ளே. பெட்டிய எடுத்து ஓரமா வச்சாவ. "சரி தாயி. விடியறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு"ன்னு மட்டும் சொன்னாவ.

அன்னைக்கு ராத்திரி பழைய வருசத்த வழியனுப்புற ஆராதனை. ஊரே கோயில்ல இருக்கு. அருமைக்கனி மட்டும் இல்ல. பன்னெண்டு மணி ஆக ஒரு பத்து நிமிசம் இருக்கும்போது, உபதேசியார் எல்லாரையும் முழங்கால்ல நிக்கச் சொல்லுவாவ. சத்தமே இருக்காது. அவங்கவங்க மனசுக்குள்ளயே பேசணும். அங்கங்க மூக்க உறிஞ்சுற சத்தம் மட்டும் கேக்கும்.

தங்கமும் முழங்கால்ல நின்னா. கண்ண மூடுனா செபம் வரல. பழைய ஞாயித்துக்கெழம ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு. அம்மா கட்டில்ல தங்கம் உக்காந்து சிரிச்சிப் பேசிக்கிட்டு இருக்கா. அருமைக்கனி காப்பி கொண்டாந்து வைக்கா. அந்தக் கையப் பாத்தா. சோப்புத் தண்ணியில ஊறி, வெரலு பூரா வெடிச்சி, ரத்தம் கசிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. தங்கம் பாத்தா. பாத்துட்டு, காப்பியக் குடிச்சிட்டு, கெளம்பிப் போயிட்டா. என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. பதினோரு மாசத்துல ஒரு தடவ கூட, "நீ சாப்பிட்டியாக்கா"ன்னு கேக்கல.

கோவம் போகல மக்ளே. கோவம் அங்கனயே தான் இருந்துச்சு. ஆனா கோவத்துக்குப் பக்கத்துல வெக்கமும் வந்து உக்காந்துக்கிட்டு. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்னு அவளுக்கு அன்னைக்குத் தான் தெரிஞ்சுது.

டாண்! டாண்! டாண்! மணி அடிச்சிட்டு. புது வருசம் பொறந்துட்டு. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் கையப் புடிச்சி வாழ்த்து சொல்லுதாவ. வெளிய படபடன்னு வெடி. தங்கம் பெட்டிய எடுக்கல. செருப்புக் கூடப் போடல. கூட்டத்த வெலக்கிக்கிட்டு, நேரா பனங்காட்டுப் பக்கம் நடந்தா.

டொக், டொக்.

"யாரு?"

"நான் தான்."

"அரிசி சிந்திட்டே தங்கம்."

"நான் அரிசிக்கு வரல."

"பின்ன எதுக்கு வந்த?"

"அம்மா செத்தது எப்பிடின்னு சொல்லுக்கா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் அங்க இல்லலா. மொதல்ல இருந்து சொல்லு."

கிரீச்சுன்னு கதவு தொறந்துச்சு. பூராவும் தொறந்துச்சு.

ரெண்டு பேரும் வெறுந்தரையில எதுத்தாப்புல உக்காந்தாவ. அருமைக்கனி சொன்னா. அன்னைக்குக் காலையில அம்மா கருப்பட்டி கேட்டது, ஒரு துண்டு நக்கிட்டுப் போதும்னு சொன்னது. தல சீவி விடச் சொன்னது. மத்தியானத்துக்கு மேல மூச்சு வாங்குனது. எந்தச் சேல உடுத்தி விட்டா, யாரு யாரு தூக்குனாவ, குழிக்கிட்டப் போகும்போது பொசுபொசுன்னு தூறல் விழுந்தது, எல்லாத்தையும் சொன்னா. தங்கம் நடுவுல நடுவுல கேட்டுக்கிட்டே இருந்தா. "எந்தக் கரை போட்ட சேல?" "அப்போ மணி என்ன இருக்கும்?" ஒண்ணையும் விடல.

கடைசியாக் கேட்டா. "சாவும்போது அம்மா என்னக்கா சொன்னா?"

"தண்ணி கேட்டாட்டி. ஒம் பேரயும் சொல்லல. எம் பேரயும் சொல்லல. தண்ணின்னு கேட்டா, குடுத்தேன், குடிச்சா. அவ்வளவு தான்."

அதக் கேட்டதும் தங்கம் ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே அக்கா கைய இழுத்து மடியில வச்சி, வெரல ஒண்ணொண்ணாத் தடவிக் குடுத்தா.

"நீ செஞ்சது தப்பு தான்க்கா."

"தப்பு தான்."

"எனக்கு இன்னும் வலிக்கு."

"வலிக்கத்தான் செய்யும். ஆனா எங்கிட்ட பேசுட்டி. ஏசணும்னாலும் ஏசு. ஏழு வருசமா இந்த வீட்டுல எங் கூடப் பேச ஒரு ஆளு இல்ல."

"நீ சாப்பிட்டியாக்கா?"

அருமைக்கனி மூஞ்சிய மூடிக்கிட்டா.

அப்புறம் விடிஞ்சுது. கோயில் முத்தத்துல அடுப்புக் கல்லு வச்சி, வெறகு அடுக்கி, பெரிய பானையப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஊரே காத்துக்கிட்டு இருக்கு. வருமா, வராதான்னு குசுகுசுன்னு பேசுதாவ. வெயிலு உச்சிக்கு ஏறுற நேரத்துல, செம்மண்ணு ரோட்டுல ரெண்டு பேரு நடந்து வாராவ. தங்கமும் அருமைக்கனியும்.

அருமைக்கனி பானைக்கிட்ட வந்தா. ஆனா அரிசிய உடனே குடுக்கல. ஊரப் பாத்துத் திரும்புனா. அவ அதிகம் பேசாதவ. ஆனாலும் சொன்னா.

"எங்க அம்மா செத்தப்போ தங்கத்துக்குத் தகவல் சொல்லியாச்சுன்னு சொன்னேன்லா. அது பொய். நான் சொல்லவே இல்ல. தெரிஞ்சிருந்தா அவ பறந்து வந்திருப்பா. ஏழு வருசமா நீங்க அவளத் தப்பா நெனச்சிருந்தா, அது எங் குத்தம்."

தங்கம் தல குனிஞ்சி நிக்கா. அப்போ செல்லப்பூ வந்து அருமைக்கனி தோளப் புடிச்சிக்கிட்டா. உபதேசியார் கண்ணாடியக் கழத்தித் தொடைச்சாவ. தொடைச்சிட்டு, "தங்கம், கைய நீட்டு தாயி"ன்னாவ.

தங்கம் ரெண்டு கையையும் சேத்துக் குழிச்சி நீட்டுனா. அக்கா ஒரு கைப்பிடி அரிசிய அதுல போட்டா. நாப்பத்தி மூணு. தங்கம் அதப் பெட்டியில போட்டு, பெட்டியோட தூக்கி, பானையில கொட்டுனா. சொர்ர்ர்ர்!

"ஏத்துங்கப்பா பானைய!"

தீ சடசடன்னு புடிச்சிது. ஒலை கொதிச்சி, சோறு கொதகொதன்னு வெந்துச்சு. லேட்டா ஏத்துன பானை, சாப்பிட மணி மூணு ஆயிட்டு. சின்னப் பிள்ளையள் எல்லாம் பசி, பசின்னு கத்துது. ஆனா பெரியவங்க ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லல.

"அத்தை... ராசாத்தி ஆட்ட கறி வச்சாங்களா?"

சேச்சே! அன்னைக்குச் சாம்பாரும் வாழக்காப் பொரியலும் தான். ராசாத்தி வேப்பமரத்தடியில படுத்து எச்சி எலையத் தின்னுக்கிட்டு இருந்துச்சு.

"ம்..."

தங்கமும் அருமைக்கனியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாவ. அருமைக்கனி ரெண்டு தடவ சோறு வாங்குனா. சாப்பிட்டுக் கைய ஓரமா நீட்டிக்கிட்டு, கழுவணும்னு எந்திரிக்கப் போனவ, அப்பிடியே தங்கச்சி தோள்ல சாஞ்சா. அப்புறம் மெதுவா மடிக்குச் சரிஞ்சா. சாம்பார் கையோடயே தூங்கிட்டா. எத்தனை நாள் தூக்கமோ மக்ளே, கொர்ர், கொர்ர்ன்னு கொறட்ட. தங்கம் முந்திய எடுத்து அவ வெரலத் தொடைச்சி விட்டா. ஈ வந்தா விசிறுனா. பாத்திரம் கழுவுற பொம்பளையள் கடகடன்னு சத்தம் போட்டா, வெரல வாயில வச்சி "ஸ்ஸ்"ன்னா. கால் மரத்துப் போச்சு, அசையல. பொழுது எறங்கி, பாயெல்லாம் சுருட்டி, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. அவ மட்டும் அங்கனயே உக்காந்திருந்தா, அக்கா தானா முழிக்கட்டும்னு.

அவ்வளவு தான் கதை. சோறும் தீந்துட்டு, சொல்லும் தீந்துட்டு. நீயும் கண்ண மூடிக்கோ செல்லம். தூங்கு.